நானூற்றுப் பன்னிரண்டாம் பிழை

உப்புத்தாள் என்ற பெயரை எங்கள் ஆபீஸ் அக்காவுக்கு வைத்தவன் நான்தான். கோபத்தில் வைத்தது. ஒரு வாரம் உட்கார்ந்து நான் செய்த புதிரை அவர் பதினோரு நிமிடத்தில் உடைத்து, உடைந்த இடத்தைப் படம் பிடித்து, அம்புக்குறி போட்டு எனக்கே அனுப்பிவைத்தார். "இந்தம்மா மேல பட்டாலே தோல் உரியுது. சரியான உப்புத்தாள்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், மறுநாள் தன் மேசையில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'உப்புத்தாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். எங்கள் விளையாட்டுகளின் முடிவில் பெயர்கள் ஓடும்போது இன்றைக்கும் 'பிழை பார்த்தவர்: உப்புத்தாள்' என்றுதான் வரும்.

எங்களுடையது வீடியோ கேம் செய்கிற சின்ன ஆபீஸ். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஆறு பேர், ஆறு நாற்காலி, அதில் ஒன்று ஆடும். மர்மப் புதிர் விளையாட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. பூட்டிய அலமாரி, காணாமல் போன ஆள், பாதி கிழிந்த கடிதம், இந்த மாதிரி. ஒவ்வொரு புதிராக அவிழ்த்துக்கொண்டே போனால் கடைசியில் உண்மை வெளியே வரும். அந்தப் புதிர்கள் திரையில் ஒழுங்காக நடக்கும்படி கணினிக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. நான் எழுதியதை உடைப்பது அக்காவின் வேலை. இப்படி ஒரு ஏற்பாட்டில் இரண்டு பேர் ஏழு வருடம் அடித்துக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இங்கே வருவதற்கு முன் அவர் பதினான்கு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்தவர். வெளிச்சம் போட்ட மேசையில் சட்டையை விரித்து, காலர், தோள், கைப்பட்டி, காஜா என்று வரிசையாகப் பார்த்து, நூல் பிசகிய இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். எங்கள் முதலாளி அக்கா இருந்த அடுக்குமாடியிலேயே குடியிருந்தார். ஒருநாள் லிஃப்ட் நடுவில் நின்று இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். பொழுது போகட்டும் என்று முதலாளி பாதி முடிந்த ஒரு விளையாட்டைத் தன் போனில் திறந்து அக்கா கையில் கொடுத்திருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் எங்கிருந்தோ வந்து கதவைத் திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அக்கா ஒரு மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் பத்தொன்பது பிழைகளை எழுதி முடித்திருந்தார். 'கதவு திறந்த பிறகும் பூட்டு தொங்குகிறது' என்பது முதல் வரி. அடுத்த மாதமே அவர் எங்கள் ஆபீஸில் சேர்ந்தார். ஆடுகிற நாற்காலி அவருக்குத்தான் வந்தது. அன்று மாலைக்குள் அதன் காலுக்கு அட்டை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

அக்கா விளையாடி நான் பார்த்ததில்லை. வேலை செய்துதான் பார்த்திருக்கிறேன். திரையில் ஓர் அறைக்குள் நுழைந்தால் இடது சுவரில் தொடங்கி மேலிருந்து கீழாகக் கண்ணில் படுவதையெல்லாம் தட்டுவார். இரண்டிரண்டு தடவை. பிறகு எந்த மனிதனும் தட்டாத இடங்களில் ஒரு தடவை: கூரை மூலை, கதவுக்கும் சுவருக்கும் நடுவில், சுவரில் தொங்கும் படத்திலிருக்கிற ஆளின் மூக்கு.

"மூக்கை எதுக்குக்கா தட்டறீங்க?" என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன்.

"புத்திசாலி என்ன பண்ணுவான்னு நீ யோசிக்கிறே. வேலை வெட்டி இல்லாதவன் என்ன பண்ணுவான்னு நான் யோசிக்கிறேன். விளையாடறவங்கள்ல அவங்கதான் தம்பி ஜாஸ்தி."

அந்த மூக்கைத் தட்டியபோது முழு விளையாட்டும் அப்படியே உறைந்து நின்றது.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மகள் பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கட்டுரை அம்மாவிடமிருந்து திரும்பும்போது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டு திரும்பும். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திருகிப் பார்ப்பார். "பொண்ணு பார்க்கப் போனப்ப என்னை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரச்சொன்னா. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லலை" என்று அவர் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அக்கா மறுக்கவும் மாட்டார்.

ஆபீஸில் ஒரு முறை உண்டு. அக்கா ஒரு பிழையைக் கண்டால் பட்டியலில் எண் போட்டு ஏற்றுவார். சம்பந்தப்பட்ட ஆள் அதைச் சரிசெய்து 'முடிந்தது' என்று குறிக்கவேண்டும். பிறகு அக்கா மறுபடி அந்த இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்த்து 'மூடப்பட்டது' என்று போடுவார். அவர் மூடினால் மூடியதுதான். யார் வந்து "முடிச்சாச்சு" என்றாலும் அவர் பதில் ஒரே வார்த்தை: "காட்டு." முதலாளியாக இருந்தால் "காட்டுங்க." அவ்வளவுதான் மரியாதை.

என்னிடம் மட்டும், இரண்டு வருடம் போன பிறகு, சின்னச் சின்ன விஷயங்களுக்கு அப்படிக் கேட்பதை நிறுத்தியிருந்தார். "நீ சொன்னா சரிதான்" என்று மூடிவிடுவார். ஆறு பேரில் எனக்கு மட்டும் கிடைத்த சலுகை அது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

அந்தப் பெருமையை நான் எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் 'பதினேழாம் எண் வீடு' என்று ஒரு விளையாட்டு செய்தோம். வரைபடம் வரைகிற ஒரு பெண்மணி காணாமல் போகிறார். பத்து வருடம் பூட்டிக்கிடந்த அவருடைய வீட்டுக்குள் நீங்கள் ஒரு சாவிக்கொத்தோடு நுழைகிறீர்கள். கதை எழுதியவர் முப்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். ஒரு நூல் தொங்கினாலும் அவருக்குத் தூக்கம் வராது. நாங்கள் அவரைக் கதை சார் என்போம். முதலில் அந்தப் பெண்மணி வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருப்பதாகத்தான் கதை. ஓவியர் அதற்குத் தகுந்தபடி சமையலறையில் எரியும் அடுப்பையும், அதன் மேல் நீராவி விடும் கெட்டிலையும் வரைந்து வைத்தார். பிறகு கதை மாறியது. வீட்டில் யாரும் இல்லை என்றானது. அடுப்பை அணைத்தார்கள். கெட்டிலின் நீராவியை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அக்கா கண்ணுக்குத் தப்புமா? பிழை எண் 412: 'வீடு பத்து வருடமாகப் பூட்டிக்கிடக்கிறது. கெட்டிலில் நீராவி வருகிறது. எடுக்கவும்.' அது என் பெயரில் விழுந்தது.

வெளியிடும் நாளுக்கு முந்திய மதியம் பட்டியலில் முப்பத்தோரு பிழை பாக்கி. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். நீராவியை எடுக்கப்போனால் அது சன்னல் வெளிச்சத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அணைந்தது. எனக்குத் தலை வலித்தது, பசித்தது, மூக்கு மேல் கோபம் வந்தது. ஒரு கெட்டிலை எவன் பார்க்கப்போகிறான் என்று 'முடிந்தது' என்று போட்டேன். அக்கா முப்பதைத் திறந்து பார்த்து மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானூத்திப் பன்னெண்டு?"

"முடிச்சாச்சுக்கா."

"நீ சொன்னா சரிதான்" என்று மூடிவிட்டார்.

விளையாட்டு வெளியானது. இருபதாவது நாள், விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் பக்கத்தில் ஒருவர் அந்தச் சமையலறைப் படத்தைப் போட்டு மூன்று வரி எழுதினார். 'அடுப்பு அணைந்திருக்கிறது. கெட்டில் கொதிக்கிறது. இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?'

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். காணாமல் போனவரே திரும்பி வந்துவிட்டார் என்றார்கள். சாவிக்கொத்தோடு வருகிற நீங்கள்தான் வைத்தீர்கள், உங்களுக்கு நினைவில்லை என்றார்கள். ஒருவர் நீராவியின் உயரத்தை அளந்து, தண்ணீர் கொதித்து நான்கு நிமிடம் ஆகிறது என்று எழுதினார். அந்த விளையாட்டு நன்றாக ஓடியதற்குப் பாதிக் காரணம் அந்தக் கெட்டில். முதலாளி ஒரு பேட்டியில் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க கேம்ல எதுவுமே தற்செயல் இல்லை" என்று சொன்னார். கதை சார் அது ஓவியரின் யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஓவியர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். கதை சார் கேட்டுத்தான் விட்டுவைத்தார்கள் என்று அந்த ஓவியருக்கு நினைப்பு. உண்மை தெரிந்தது இரண்டே பேருக்கு. அந்த மூன்று வரியைப் படித்த அன்று அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவரும் மென்று முழுங்கினார், நானும் முழுங்கினேன்.

மூன்று வருடம் கழித்து முதலாளி முன்கதை செய்யலாம் என்றார். வீடு பூட்டப்படுவதற்கு முன் நடந்தது. அதன் பெயரே 'பூட்டுவதற்கு முன்'. "மக்கள் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கெட்டிலை வச்சது யாரு? இதுல சொல்லிடணும்" என்றார்.

கதை சார் இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் அக்காவிடம் வந்து கேட்டார். "ஏம்மா, உனக்குத்தான் எல்லாம் தெரியும். அந்தக் கெட்டில் விஷயம் ஓவியரோட யோசனைதானா, இல்ல வேற யாருதாவதா? தெரிஞ்சா அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு பிடிச்சிடுவேன்."

அக்கா தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "தெரியலை சார்" என்றார்.

அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆபீஸில் அக்காவுக்கு என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். படிப்பு பத்தாவது வரை. கணினியை இங்கே வந்துதான் தொட்டார். ஆனால் விளையாடுகிறவர்களே 'உப்புத்தாள் பார்த்திருந்தால் பிழை இருக்காது' என்று எழுதுவார்கள். மகள் அந்த வரியைத் தன் பள்ளிக்கூட நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தாள். அதை ஒரு கெட்டிலுக்காக எப்படிக் கொடுப்பது?

கதை சார் கடைசியில் ஒரு விடை கண்டுபிடித்தார். அந்தப் பெண்மணிக்கு ஒரு தம்பி. சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஓர் ஒளிவறை கட்டிக்கொண்டு, வீடு பூட்டிய பிறகும் அங்கேயே வாழ்கிறான். முன்கதையின் கடைசிக் காட்சியில் அவன் கை கெட்டிலை எடுத்து அடுப்பில் வைக்கும். நன்றாகத்தான் இருந்தது. முதலாளிக்குக் கண் கலங்கியது.

அக்கா வழக்கம்போல இடது சுவரிலிருந்து தொடங்கிச் சரிபார்த்தார். கடைசிக் காட்சியில் அவர் கை நின்றுவிட்டதைப் பார்த்தேன். எனக்கும் அதே நிமிடம் உறைத்தது. முதல் விளையாட்டில் சமையலறைக் குழாயில் தண்ணீர் வராது. அது ஒரு புதிரே: தோட்டத்துத் தொட்டியிலிருந்து மழைத் தண்ணீரை மொண்டுவந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். அந்தத் தோட்டத்துக் கதவோ வெளிப்பக்கம் தாழ் போட்டது. பிறகு எந்தத் தண்ணீரைத் தம்பிக்காரன் கொதிக்கவைத்தான்? பத்து வருடம் எதைக் குடித்தான்?

அக்கா பென்சிலை எடுத்தார். நோட்டின் மேல் வைத்தார். இதை எழுதினால் கதை சார் வருவார், கெட்டிலைப் பற்றி மறுபடி கேட்பார், கேள்வி கேள்வியாக 412 வரைக்கும் போகும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கண்டும் எழுதாமல் விட்ட ஒரே பிழை.

'பூட்டுவதற்கு முன்' ஒரு வியாழக்கிழமை காலை வெளியானது. முதல் இரண்டு நாள் பாராட்டு மழை. கண்ணாடி நடைவழிப் புதிரை, அது என் கைவரிசை, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஒலியைப் பாராட்டினார்கள். சனிக்கிழமை முதல் ஆள் கடைசிக் காட்சிக்கு வந்து சேர்ந்தார். ஞாயிறுக்குள் குட்டு உடைந்தது. குழாய் வறண்டதல்லவா என்று ஒருவர் கேட்டார். தோட்டத்திலிருந்து பார்த்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு முழம்கூட இடமில்லையே என்று இன்னொருவர் கேட்டார். ஒரு ஆசிரியை அட்டைப்பெட்டியை வெட்டி முழு வீட்டையும் செய்து, ஒளிவறையில் ஒரு தீப்பெட்டியைக்கூட வைக்க முடியாது என்று காட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற கூட்டம் அது. அவர்களை அப்படிப் பழக்கியதும் நாங்கள்தான்.

திட்டெல்லாம் கதை சாருக்கு. 'வீட்டைக் கட்டியவருக்கே வீடு தெரியவில்லை' என்றார்கள். 'ஐந்து வருடம் எங்களை யோசிக்கவைத்துவிட்டு இந்த மனிதர் தன் கதையையே மறந்துவிட்டார்' என்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒருவர் கேட்டார்: 'ஐயாவுக்கு வயதாகிவிட்டதோ?'

திங்கட்கிழமை கதை சார் வரவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. 'அவர்கள் சொல்வது சரி. குழாயை நான் மறந்தேன். இதற்கு மேல் எழுதினால் தப்பு. என் மேசையில் இருப்பதை யாராவது எடுத்துக்கொள்ளலாம்.'

"ஒரு வாரத்துல அடங்கிடும். யாரும் எதுவும் எழுதாதீங்க" என்று முதலாளி எல்லாரிடமும் சொன்னார்.

அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. கதை சாரின் மேசையைத் துடைத்தார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை நேராக வைத்தார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, முதலாளியைக் கேட்காமல், விளையாடுகிறவர்கள் பக்கத்தில் இதை எழுதிப் போட்டார்:

'எண்: 412. இடம்: சமையலறை. காண்பது: அணைந்த அடுப்பில் கெட்டில் நீராவி விடுகிறது. காணவேண்டியது: ஒன்றுமில்லை. காரணம்: திரும்பிப் பார்க்காமல் நான் மூடினேன். யாரும் அதை வேண்டுமென்று வைக்கவில்லை. இல்லாத ஒன்றுக்கு விடை எழுதும்படி ஆனது கதாசிரியரின் தவறு இல்லை. அவரைத் திட்டியவர்கள் என்னைத் திட்டவும். உப்புத்தாள்.'

படித்தேன். மறுபடி படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, எதுவுமே தற்செயல் இல்லைன்னு நான் பேட்டி கொடுத்திருக்கேனே!"

"அதையும் பட்டியல்ல ஏத்திடட்டுமா?" என்றார் அக்கா.

சிலர் நம்பினார்கள். 'உப்புத்தாளும் இப்படியா? இனிமேல் அந்தப் பெயரைப் பார்த்து என்ன பயன்?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்கா அதைத் திரையில் நகர்த்தாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஆனால் நிறையப் பேர் நம்பவே இல்லை! இது புதுப் புதிர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். 412 என்றால் என்ன என்று வீடு முழுக்கத் தேடி, கூடத்தில் நின்றுபோன கடிகாரம் நான்கு பன்னிரண்டைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இல்லை, நான்கு பதின்மூன்று என்று எதிர்க்கட்சி. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிழையை ஊரறிய ஒத்துக்கொண்ட மனுஷியை அவர்கள் துப்பு ஆக்கிவிட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என் பேரை ஏன்கா போடலை?"

"எதுக்குப் போடணும்?"

"முடிச்சாச்சுன்னு பொய் சொன்னது நான்தானே."

அவர் டப்பாவை மூடினார். "தெரியும். அந்த மூணு வரியைப் படிச்ச அன்னைக்கே தெரியும். ஆனா பார்க்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்? நம்பறதுக்கு இல்லையே. நம்பினது என் தப்பு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். கையைக் கழுவப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. நாற்பது வயதில், ஆபீஸ் சாப்பாட்டு மேசையில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது.

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அக்கா எழுதியதற்குக் கீழேயே எழுதினேன். 'அவர் பார்க்காமல் மூடினார் என்பது உண்மை. சரிசெய்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னவன் நான். இரண்டு வருடம் நான் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்ததால் நம்பினார். புதிர்களுக்கு நிரல் எழுதியவன்.' கண்ணாடி நடைவழிக்காக என்னைத் தூக்கிவைத்தவர்கள் கீழே போட்டால் போடட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. சமையலறைப் படத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். 'இப்போது இரண்டு பேர் வந்து ஒத்துக்கொள்கிறார்கள். கெட்டிலுக்குப் பக்கத்தில் எத்தனை கோப்பை இருக்கிறது, பாருங்கள்.'

இரண்டு இருந்தது. ஐந்து வருடமாக அந்த வீட்டோடு மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கதை சார் படியேறி வந்தார். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் படியேறித்தான் வந்தார். கையில் நாங்கள் இரண்டு பேரும் எழுதியவை அச்செடுத்த காகிதமாக இருந்தன. நேராக அக்காவிடம் போனார். நானும் எழுந்து போய் நின்றேன்.

"முப்பது வருஷம் விபத்து விசாரிச்சேன்மா. எத்தனை வண்டி, எத்தனை மில்லு, எத்தனை வீடு. தானா வந்து நான்தான் பண்ணினேன்னு சொன்ன ஆளு ஒருத்தர் கிடையாது. ஒரே வாரத்துல ரெண்டு பேர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அந்தக் குழாய் வறண்டு கிடந்தது. அதை நீ பார்த்தியாம்மா?"

அதைப் பற்றி அக்கா எங்கேயும் எழுதவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"பார்த்தேன் சார். எழுதலை. எழுதினா கெட்டில் விஷயம் வெளியே வந்துடும்னு பயந்தேன். நீங்க வந்து கேட்டப்பவும் தெரியலைன்னு பொய் சொன்னேன்."

கதை சார் காகிதங்களை நான்காக மடித்தார். "நீராவி எனக்கு வலிக்கலை. இதுதான் வலிக்குது" என்றார்.

"எனக்கும்தான் சார்" என்றார் அக்கா. அவர் கண்ணில் நீர் நின்றது. துடைக்கவில்லை.

கதை சார் தன் இடத்துக்குப் போனார். கண்ணாடிக் கூடு நேராக இருப்பதைப் பார்த்தார். உட்கார்ந்தார். "சரி, இப்ப எழுது. என் பேர்ல ஏத்து" என்று அங்கிருந்தே சொன்னார். அக்கா பென்சிலைத் தேடினார்.

மூன்று வாரத்தில் அவர் கடைசிக் காட்சியை மாற்றி எழுதினார். தம்பி போனான், ஒளிவறை போயிற்று. அந்தப் பெண்மணி விளக்குகளை அணைத்து, அடுப்பை அணைத்து, வெளியே வந்து கதவைப் பூட்டுவதோடு விளையாட்டு முடிகிறது. கெட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'இப்போது சரி' என்று அட்டைப்பெட்டி ஆசிரியை எழுதினார். வேறு சிலர் தம்பியே தேவலை என்றார்கள். எல்லாரையும் யார் திருப்திப்படுத்த முடியும்? அக்கா பட்டியலில் 412-ஐ மறுபடி திறந்துவைத்தார். நீராவியை எடுக்கக்கூடாது என்று ஆயிரக்கணக்கில் கெஞ்சியதால் அதைத் தொடவில்லை. இன்றைக்கும் பட்டியலில் திறந்துகிடப்பது அது ஒன்றுதான்.

மாற்றிய காட்சியைத் திரைக்குக் கொண்டுவந்தவன் நான். அன்று மாலை நான்கு மணி இருக்கும். சாவி திரும்ப வேண்டும், வாசல் விளக்கு அணைய வேண்டும், சின்ன வேலைதான். முடித்துவிட்டுத் திரும்பினால் அக்கா இரண்டு கோப்பைத் தேநீரோடு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"முடிச்சாச்சுக்கா" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

"காட்டு" என்றார்.